முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் இரும்பு

பாசமுள்ள இபுராம் மச்சானுக்கு,

ஸலாம். உங்களுக்காக ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் லாரியின் அடிச்சட்டத்தில் குத்தியிருந்த சேசிஸ் நம்பரை நான் அழித்துவிட்டேன் மச்சான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் என் கையால், என் கிரைண்டிங் மிஷினால், அழுத்திப் பிடித்து, வழவழவென்று தேய்த்து அழித்தேன்.

நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிக்கு டெஸ்ட். அஸர் தொழுதுவிட்டு வந்து, உங்கள் தென்னந்தோப்பில், உங்கள் லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே சாரல். வண்டி புதுப் பெயிண்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. உள்ளே இருக்கிற நான்தான் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? நீங்களாவது திட்டினாலும் எனக்குக் காது கேட்காது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் போன நாற்பதாம் நாள் உங்கள் பெரியண்ணன் ஹனீபா வந்தார். உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்த மெகரு அக்கா, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். பிள்ளை குட்டி இல்லாதவள், இனி என்ன கேட்பாளோ என்று அவருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும்.

"ஏம்மா மெகரு, உனக்கு என்ன வேணுமோ இப்பவே சொல்லிப்போடு. பின்னால ஒரு பேச்சு வரப்படாது."

"எனக்கு லாரி போதுமுங்க."

வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் அத்தா வாங்கிய, முன்பக்கம் நீண்ட பழைய மூக்கு லாரி, நடமாட்டம் இல்லாமல் தோப்பில் துருப்பிடித்து நின்றது. அதற்கு யார் ஆசைப்படுவார்கள்? உங்கள் அண்ணன் கெட்டவர் இல்லை மச்சான், பட்டென்று பேசுகிறவர், அவ்வளவுதான்.

"டெஸ்ட் பாஸாகி உன்ற பேருக்கு ஆர்.சி. மாறிருச்சுன்னா வண்டி உன்றதுதான். நாங்க வாய் தொறக்க மாட்டோம். மாறலைன்னா ஆக்ரிக்காரனக் கூப்புட்டுப் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டுரலாம். சும்மா எடத்த அடைச்சுட்டு நிக்குது."

அப்போதுதான் நான் குறுக்கே விழுந்தேன். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் கிரில் பட்டறை நடத்துகிறவன் என்ற திமிர். "நானாச்சுங்க! மொத்தமாச் சுரண்டி, துரு எடுத்து, பெயிண்ட் அடிச்சு, புது வண்டியாட்டம் நிறுத்திக் காட்றேன்" என்று மார்தட்டினேன். கதவுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவர் போன பிறகு அவளிடம் கேட்டேன், ஏனக்கா லாரி என்று. மலைமேல் சித்திரபுரத்தில் நீங்கள் தேங்காய் இறக்குகிற கடைக்காரர் இன்னும் போன் செய்கிறாராம், "லோடு எப்ப வரும்?" என்று. ஒரு டிரைவரை வைத்து, பெருமாட்டித் தோப்புகளில் தேங்காய் எடுத்து, வாரத்துக்கு ஒரு நடை மலைக்கு அனுப்பலாம், அதில் அவள் கஞ்சி குடித்துக்கொள்வாளாம். பிறகு சொன்னாள்: "வண்டி ஓடிட்டே இருந்துச்சுன்னா, உங்க மச்சான் லோடு எறக்கத்தான் போயிருக்காருன்னு நெனச்சுக்குவேன்டா."

அந்த வண்டியைத்தான் மச்சான் நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

வேலையை நான் அலட்சியமாகச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் இந்த வண்டியோடு கிடந்தேன். ரிமூவர் பூசிக் கால் மணி நேரம் விட்டால் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு எழும்பும். தகட்டால் தள்ளினால் சுருள் சுருளாக வரும். உங்கள் பச்சைக்கு அடியில் ஒரு நீலம், அதற்கு அடியில் இன்னொரு நீலம், பிறகு செங்கல் நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் அத்தா காலத்து மஞ்சள். ஏன் மச்சான், ஒரு வருஷமாவது பழையதைச் சுரண்டிவிட்டு அடித்திருக்கக் கூடாதா? டெஸ்டுக்கு முந்தின நாள் ஒரு டப்பா வாங்கி வந்து மேலோடு மேலாக இழுத்துவிட்டு, "ஆச்சு, பொண்ணு அலங்காரம்" என்று பீடி பற்ற வைப்பீர்கள்.

இடப்பக்கப் படிக்குப் பின்னால் மூன்று விரல் நுழைகிற ஓட்டை. அதில் சாக்குத் துண்டைத் திணித்துத் தார் ஊற்றி வைத்திருந்தீர்கள். அதைக் குத்தி எடுத்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, "என்னடா, கையில கிழிச்சுக்கிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்! "அன்வரு, வாடா, நீயும் நானுமா ஒரு வாரம் உக்காந்து சுரண்டிப்போடலாம்." நானும் ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாசம் மச்சான், கேட் வேலை நெருக்குது" என்பேன். ஊரில் இருக்கிறவன் வீட்டுக்கெல்லாம் கேட் செய்ய நேரம் இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்து சுரண்டியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். இந்த வினை வந்திருக்காது.

போன சனிக்கிழமைதான் அது நடந்தது. மேலே எல்லாம் முடிந்து, கீழே சேசிஸ் மட்டும் பாக்கி. துரு அங்கே அப்பளம் மாதிரி பாளம் பாளமாக எழும்பியிருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டு, மிஷினில் கம்பிப் பிரஷ் மாட்டித் தேய்த்துக்கொண்டே வந்தேன். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் வந்தபோது, ஒரு சாண் நீளத்துக்குச் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. உள்ளே கெட்டியான கிரீஸ். இதுவும் உங்கள் சாக்குத் துண்டு வேலைதான் என்று நினைத்துப் பிய்த்து எறிந்தேன்.

கிரீஸை வழித்தால் அடியில் வரிசையாகக் குழி குழியாக இருந்தது. பழைய பெயிண்ட் அடைத்துக் கிடந்ததில் எழுத்து என்று தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு நான் குனிந்து பார்க்கவும் இல்லை. துரு அரித்த குழி என்றே முடிவு கட்டிவிட்டேன். நம்பரெல்லாம் கேபினுக்குள் ஏதாவது தகட்டில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. லாரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

கேட் செய்கிறவன் புத்தி என்னவென்று உங்களுக்கே தெரியும். பற்றவைத்த தடம் தெரிந்தால் எங்களுக்கு அவமானம். இரும்பில் ஒரு மேடு பள்ளம் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டுக்காரர்கள் கேட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்து, "வெண்ணெயாட்டம் இருக்குது அன்வரு" என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்த வேலையே. கம்பிப் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு இரும்பு தேய்க்கிற கல் மாட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையை ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய். கையோடு துரு தடுக்கிற ரெட் ஆக்சைடும் அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை உண்ணியேட்டன் வந்தார். ஆர்.சி. மாற்றும் காகிதங்களை எழுதிக் கொடுக்கிறவர், உங்களுக்கும் அவர்தானே எழுதுவார். வெள்ளைத் தாளும் பென்சிலும் கையில் வைத்திருந்தார். டெஸ்டுக்கு முன்பே சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சில் ஓட்டி ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டால் நல்லது என்றார். வலப்பக்கம் போய்க் குனிந்தார். தடவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார்.

"அன்வரே, நம்பர் எவிடெ? எங்கே போச்சு?"

எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. என் சின்ன வயதில் ஒரு பெருநாளுக்கு முன்னால் உங்கள் லாரியைக் கழுவ வந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த டியூப் துண்டில் கை வைத்ததும் உள்ளேயிருந்து ஓடி வந்தீர்கள். "டேய், வலது பக்கம் மட்டும் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்!" இருபது வருஷத்தில் நீங்கள் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். பெரிய லாரி வைத்திருக்கிற பவுசு என்று அன்று கோபித்துக்கொண்டு போனேன். நம்பரைத் துரு தின்னாமல் இருக்கத்தான் அந்த டியூப் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்? நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ரெட் ஆக்சைடை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கீழே இரும்பு பளபளவென்று இருந்தது. என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.

உண்ணியேட்டன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இதைக் கண்டா களவு வண்டின்னுதான் எழுதுவாங்க. யாரு அழிச்சதுன்னு கேக்கும். அபேட்சை மனு உன் அக்கா மெகருதாத்தா பேரில். கேஸ் வந்தா அவங்க பேரிலாக்கும் வரும்." அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். போகும்போது ஒன்று சொன்னார். சந்தேகப்பட்ட வண்டியில் போலீஸ்காரர்கள் ஆசிட் தடவிப் பார்ப்பார்களாம். சுத்தியலால் நம்பர் குத்தும்போது அந்த அடி இரும்புக்குள்ளேயும் கொஞ்சம் இறங்கியிருக்குமாம். மேலே தேய்த்துவிட்டாலும் சில சமயம் உள்ளே இருப்பது தெரியுமாம். "ஆனா நீ எவ்வளவு ஆழம் தேய்ச்சேன்னு படைச்சவனுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கும் தெரியும். நன்றாகத்தான் தேய்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உங்களிடம் சொல்லக் கூசுகிறது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி போய், இரும்புக் கடையில் நம்பர் குத்துகிற அச்சு ஒரு செட் வாங்கினேன். நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, சுத்தியல் என்னிடம் இருக்கிறது, இரும்பில் குத்த எனக்கா தெரியாது? குத்தி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, மேலே உங்களைப் போலவே கிரீஸைப் பூசிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடியது. மடியில் அந்தப் பெட்டி கல்லாகக் கனத்தது.

மத்தியானம் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, முதல் எண்ணை இரும்பின் மேல் நிறுத்தினேன். சுத்தியலை ஓங்கினேன். கை இறங்கவில்லை மச்சான். பொய் நம்பர் என்று பிடித்தால் மாட்டிக்கொள்வது அக்கா. பிடிக்காமலே போனாலும், ஒவ்வொரு வருஷமும் டெஸ்டுக்கு அவள் அந்தப் பொய்யின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். யா அல்லா, என்னை என்ன செய்யச் சொல்கிறாய் என்று சத்தமாகவே கத்திவிட்டேன். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். இத்தா முடிந்து தோப்புக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன்டா இப்படிக் கத்தறே? கையில என்னது?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் நகர்ந்து வந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, கை நேராக அந்த இடத்துக்குப் போனது.

"ஒவ்வொரு வருசமும் நான்தான்டா பென்சில் ஓட்டுவேன். அவரு கையெல்லாம் கிரீஸு, காயிதத்த நாஸ்தி பண்ணிருவாரு. அவரு டார்ச் அடிச்சுட்டு, 'மெல்ல, மெல்ல'ன்னு சொல்லிட்டே இருப்பாரு."

விரலை மெதுவாக ஓட்டினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. திரும்பவும் ஓட்டினாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போதுதான் அழுதாள் மச்சான். நீங்கள் போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் அந்த மண்ணிலேயே முகத்தை வைத்துக்கொண்டேன். உங்களை இரண்டாவது தடவை அவளிடமிருந்து பிடுங்கியவன் நான் என்று எனக்குத் தோன்றியது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, உண்ணியேட்டன் வேறு என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆசிட் விஷயத்தைச் சொன்னேன். என்னிடம் பேட்டரி ஆசிட் இருக்கிறது, ஆனால் அது மிச்சத்தையும் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன்.

"ஆசிட்னா பேட்டரித் தண்ணி மட்டுந்தானா? பாத்திரம் வெளக்கறவளுக்குத் தெரியாத ஆசிட்டாடா?" உள்ளே போனவள் ஒரு கிண்ணத்தில் கெட்டியாகப் புளியும் உப்பும் கரைத்துக்கொண்டு வந்தாள். பழைய துணியில் தோய்த்து அந்த இடத்தில் ஒட்டினாள். நீங்கள் டியூப் துண்டு ஒட்டிய அதே அளவுக்கு. மணிக்கொரு தரம் வந்து துணியை நனைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றும் நம்பவில்லை. தாளாத துக்கத்தில் ஏதோ செய்கிறாள், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று விடிந்ததும் துணியை எடுத்தோம். இரும்பு கறுத்துப்போய், அதன் மேல் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. மூன்று மாதமாகத் துருவைக் கண்டாலே தேய்த்து எடுக்கிற பழக்கம் பாருங்கள், என்னை அறியாமலே உப்புத்தாளை எடுத்துவிட்டேன். அக்கா பளாரென்று புறங்கையில் ஒன்று வைத்தாள்.

"குருட்டுப் பயலே, நல்லாப் பாருடா!"

பார்த்தேன். துரு ஒரே மாதிரி படரவில்லை. சில இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்திருந்தது. ஒரு வளைவு. பக்கத்தில் ஒரு நேர்கோடு. தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஏழு. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தோம். ஏழு இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த ஏழு இருந்தது. அதற்கு அப்புறம் ஒரு மூன்று. கடைசியில் ஏதோ இரண்டு எண்கள், எட்டோ பூஜ்யமோ தெரியவில்லை. நடுவில் மொட்டையாகக் கிடக்கிறது. மதியத்துக்குள் இன்னும் ஒன்று லேசாக எழும்பி வந்தது. எந்தத் துருவை எடுக்க உயிரை விட்டேனோ, அந்தத் துருவைத்தான் இப்போது தண்ணீர் தெளித்து வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது போதுமா மச்சான்? எனக்குத் தெரியவில்லை. உண்ணியேட்டன் வந்து பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு காகிதம் தயார் செய்தார். "பார்க்கிற ஆபீசர் நல்ல மனசுள்ள ஆளானா, திரும்பக் குத்த அனுமதி எழுதிக் கொடுக்கும். இல்லைன்னா வண்டிய அங்கேயே பிடிச்சு வெக்கும்." பென்சிலும் ஓட்டிப் பார்த்தார். தாளில் ஒன்றும் விழவில்லை. பள்ளம் இருந்தால்தானே விழும்? கண்ணுக்குத்தான் தெரிகிறது, அதுவும் தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான். அங்கே தலையைச் சாய்த்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

உங்கள் பெரியண்ணனிடம் அக்காவே போனில் சொல்லிவிட்டாள். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு முடிஞ்சு என்னான்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது இன்னும் பயமாக இருக்கிறது.

அந்த அச்சுப் பெட்டியைத் தோப்புக் கிணற்றில் போட்டுவிட்டேன். உப்புத்தாள், கம்பிப் பிரஷ், மிஷின் எல்லாவற்றையும் பட்டறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கிறேன் மச்சான், இனி அந்த ஒரு சாண் இரும்பை நான் துடைக்கக்கூட மாட்டேன். நாளை யார் கேட்டாலும் "நான்தான் அழித்தேன், இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று என் வாயால் சொல்வேன். கேஸ் என்றால் என் பேரில் எழுதட்டும். வண்டியை ஆக்ரிக்காரர் கேட்டால், முதலில் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சாரல் கொஞ்சம் வலுக்கிறது. அது நல்லதுதான், ஈரம் இருந்தால் துரு பிடிக்கும். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அக்கா வாசல்படியில் உட்கார்ந்து எதையோ சீவிக்கொண்டிருக்கிறாள். பென்சில். தாளில் ஒன்றும் விழாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் கூராகச் சீவுகிறாள், பக்கத்தில் உங்கள் டார்ச்சை எடுத்து வைத்திருக்கிறாள். நாளை டார்ச் அடிக்கிற வேலை எனக்குத்தான் போலிருக்கிறது. மெல்ல, மெல்ல என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூப்பிட்டபோது வராமல், நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்த,
உங்கள் மச்சினன்
அன்வர்